அடைக்கடகத்தில் 12 முட்டைகள்: முளையத்துக்கு உருவம் எங்கிருந்து வருகிறது?

அடைக்கோழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் வீட்டுப் பேடு இட்ட 12 முட்டைகளை, அம்மா வழமைபோலக் கடகத்தில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடிக்குப் பழுதாகாமல் இருக்க ஓர் இரும்பாணியையும் கரித்துண்டையும் ஓரத்தில் செருகி, அடைக்கு வைத்தார். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இடையே 15 நாட்கள். ஆனால் 21ஆம் நாள் விடியத் தொடங்கி மறுநாள் மதியத்துக்குள் 9 குஞ்சுகளும் பொரித்துவிட்டன. மூன்று கூழ்.

இதை வகுப்பில் சொன்னபோது மாணவி ஒருத்தி, "ரீச்சர், முதல் இட்ட முட்டை இரண்டு கிழமை முந்தியல்லவா பொரித்திருக்க வேண்டும்?" என்று கேட்டாள். அதற்கு விடை சொல்ல முடிந்தது. கருக்கட்டிய முட்டை தாயின் முட்டைக்குழாயில் ஏறத்தாழ ஒரு நாள் இருக்கும்போதே கலப்பிரிவு தொடங்கிவிடுகிறது. இட்ட முட்டையை உடைத்தால் மஞ்சட்கருவின் மேல் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும். குஞ்சாக உருவாகப்போகும் முளையம் அதுதான், அதற்குள் பல்லாயிரக்கணக்கான கலங்கள் இருக்கின்றன. முட்டை வெளியே வந்து ஆறியதும் அவை அப்படியே நின்றுவிடுகின்றன. பேடு அடைகிடந்து 37.5 பாகை அளவில் சூடு கொடுத்த பின்னரே எல்லா முட்டைகளும் ஒன்றாக மீண்டும் புறப்படுகின்றன.

அவளுடைய இரண்டாவது கேள்விதான் என்னை மடக்கியது. "அந்த வட்டத்தில் எது தலை, எது செட்டை என்று எங்கே எழுதியிருக்கிறது?" டி.என்.ஏ.யில் என்றேன். "எல்லாக் கலத்திலும் ஒரே டி.என்.ஏ.தானே, அப்படியென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறாக மாறுவது எப்படி?" என்றாள். மணி அடித்துவிட்டது. மணி அடித்ததற்காக நான் மகிழ்ந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

சுன்னாகத்தான்

நான் வீட்டு வரைபடம் கீறுபவன், உயிரியல் படித்தவன் அல்லன். ஆனால் இதில் பெரிய புதிர் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஒரு வீடு கட்டும்போது மேசனுக்கும் தச்சனுக்கும் மின் வேலைக்காரருக்கும் ஒரே வரைபடத்தின் பிரதிதான் கொடுக்கப்படுகிறது. அவரவர் தமக்குரிய பக்கத்தைப் பார்த்து வேலை செய்கிறார்கள். கலங்களும் அவ்வாறே தத்தம் பக்கத்தை வாசிக்கின்றன என்று மாணவியிடம் சொல்லிவிடலாமே.

நுணாமரம்

சுன்னாகத்தானுடைய விளக்கத்தைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள், ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் விலங்கியல் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன், சொல் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1888இல் வில்ஹெல்ம் ரூ என்ற ஜேர்மானியர், தவளை முளையம் இரண்டு கலங்களாகப் பிரிந்து நிற்கும் நிலையில், அவற்றில் ஒன்றைச் சூடேற்றிய ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சிய கலம் அரை முளையமாகவே வளர்ந்தது. வேலை முதலிலேயே பங்கிடப்பட்டுவிட்டது, வலப்பக்கக் கலத்துக்கு வலப்பக்கம் மட்டுமே தெரியும் என்று அவர் முடிவு செய்தார். வரைபடக் கட்சிக்கு இது நல்ல சாட்சி.

மூன்று ஆண்டுகள் கழித்து ஹான்ஸ் ட்ரீஷ், கடல் முள்ளெலியின் இரண்டு கல முளையங்களைக் கடல் நீரோடு சேர்த்துக் குலுக்கி, கலங்களை முற்றாகப் பிரித்தெடுத்தார். அரை அரையாக இரண்டு வரும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். மறுநாட்களில் அவர் கண்டது, அளவிற் சிறியவையாயினும் ஒரு குறையும் இல்லாத முழுக் குடம்பிகளை. தனக்குரிய பக்கத்தை மட்டும் வாசிக்கும் மேசன், தச்சன் வராதுபோனால் கதவும் யன்னலும் தானே செய்து முழு வீட்டையும் கட்டி முடிப்பானா?

அப்படியானால் தவளையில் ஏன் அரை முளையம் வந்தது? ரூ கொன்ற கலம் செத்த பின்னும் ஒட்டிக்கொண்டே இருந்ததுதான் காரணம். 1910இல் மக்லெண்டன் என்பவர் அந்தக் கலத்தை உறிஞ்சி முற்றாக அகற்றியபோது, தவளையின் ஒற்றைக் கலமும் முழு முளையமாக வளர்ந்தது. செத்த அயலவர் பக்கத்தில் கிடந்ததால், உயிரோடிருந்த கலம் தனக்கு மறுபாதி இருப்பதாகவே நடந்துகொண்டது. ஒரு கலம் தான் என்னவாக வேண்டும் என்பதை, தன் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கிறது. மாணவிக்குச் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை இதுதான் என்பது என் கருத்து. (ட்ரீஷ் பாவம், தம் முடிவைத் தாமே விளங்கிக்கொள்ள முடியாமல், இது இயந்திரத்தால் ஆகும் காரியமில்லை என்று தத்துவத்துக்குப் போய்விட்டார்.)

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1924இல் வெளியான ஆய்வு அது. ஹான்ஸ் ஸ்பீமானின் மாணவி ஹில்டே மாங்கோல்ட், நியூற்று எனப்படும், பல்லி போன்ற நீர்வாழ் விலங்கில் வெளிறிய நிறமுடைய இனமொன்றின் இளம் முளையத்தில், கலங்கள் உள்ளே மடிந்து புகத் தொடங்கும் வாயின் மேலுதட்டைச் சிறு துண்டாக வெட்டி, கருநிற இனமொன்றின் முளையத்தில் வயிறாக வேண்டிய பக்கத்தில் ஒட்டினார். அந்த வயிற்றில் முதுகும் நரம்புக் குழாயும் கொண்ட இரண்டாவது முளையம் ஒன்று, ஒட்டிப் பிறந்த இரட்டையைப் போல எழுந்தது. நிறத்தைக் கொண்டு பார்த்தால், அந்த இரண்டாவது உடலின் பெரும்பகுதி கருநிறக் கலங்களால், அதாவது வயிறாகிக் கிடந்திருக்க வேண்டிய உள்ளூர்க் கலங்களால் ஆனது. வந்த துண்டு சிறியது, அது அயலவரை அழைத்து வேலை வாங்கியிருந்தது. ஹில்டே அதே ஆண்டில் சமையலறை அடுப்பு வெடித்த விபத்தில் இறந்துபோனார். 1935இன் நோபல் பரிசு ஸ்பீமானுக்கு மட்டும் போயிற்று.

பெட்டியிழை

நுணாமரம் ஐயாவின் பதிவை வாசித்தபோது எனக்கு எங்கள் அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. அவர் பனையோலைப் பெட்டி இழைப்பவர். படம் எதுவும் பார்த்து இழைப்பதில்லை. தட்டையாகத் தொடங்கி, ஒரு சார்வு மற்றதன் மேலே போனால் அடுத்தது கீழே போகும் என்ற ஒழுங்கிலே போய்க்கொண்டிருப்பார். மூலை வந்ததும் இரண்டு சார்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கித் திருப்புவார். அந்த ஒரு மடக்கிலேயே தட்டை எழுந்து சுவராகிவிடும். பெட்டியின் வடிவம் எந்த ஓலையிலும் இல்லை, ஓலைகள் ஒன்றையொன்று கடக்கும் முறையில் இருக்கிறது. முளையமும் இப்படித்தானா?

சுன்னாகத்தான்

நல்ல உவமைதான், ஆனால் அதில் அம்மாவின் கை இருக்கிறதே. முட்டைக்குள் யாருடைய கை? அயலவரைப் பார்த்து நடப்பது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அயலவரை மட்டும் பார்த்தால் அளவு எப்படி வரும்? கோழியின் முள்ளந்தண்டு என்புகள் எண்ணிக்கை தவறாமல், ஒன்றுபோல, வரிசையாக வருகின்றன. எங்கோ ஓர் அளவுகோல் இருந்தாக வேண்டும்.

நுணாமரம்

இருக்கிறது. ஆனால் அது அளவுகோல் அன்று, கடிகாரம்.

அடைவைத்த முதல் நாள் முடிவில் முளையத்தைப் பார்த்தால், நடுக்கோட்டின் இரு பக்கத்திலும் சிறு சதுரக் கட்டிகள் சோடி சோடியாக, தலைப்பக்கத்திலிருந்து வாற்பக்கம் நோக்கி ஒவ்வொன்றாகத் தோன்றிக்கொண்டிருக்கும். முள்ளந்தண்டு என்பும் விலா என்பும் முதுகுத் தசையும் இவற்றிலிருந்தே உண்டாகின்றன. கோழியில் 90 நிமிடத்துக்கு ஒரு சோடி. இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1976இல் குக், சீமன் என்ற இருவர் கணித அடிப்படையில் ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். கலங்களுக்குள் ஒரு கடிகாரம் அடிக்கிறது, தலையிலிருந்து வாலை நோக்கி ஓர் அலைமுகம் பின்வாங்குகிறது, ஒரு முறை மணி அடிப்பதற்குள் அலைமுகம் கடந்த தூரம் ஒரு துண்டமாகிறது, அதாவது ஒரு சோடிக் கட்டியாகிறது என்பது அவர்களுடைய கருத்து. அப்போது அதற்குச் சான்று கிடையாது. 1997இல் ஒலிவியே பூர்க்கியேயின் ஆய்வுக்குழு, கோழி முளையத்தில் ஒரு பரம்பரையலகு 90 நிமிடத்துக்கு ஒரு தரம் தொழிற்பட்டு அடங்குவதைக் கண்டது. கடிகாரம் உண்மையிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

இதிலிருந்து ஒரு பரம்பரையலகையும் புதிதாகக் கண்டுபிடிக்காமலே பாம்பைச் செய்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சோளப்பாம்பு எனப்படும் அமெரிக்க இனத்தில் 300க்கு மேற்பட்ட துண்டங்கள் உள்ளன. 2008இல் அதை ஆராய்ந்தபோது, உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிடுகையில் அதன் கடிகாரம் மற்றவற்றை விடப் பலமடங்கு விரைவாக அடிப்பது தெரிந்தது. அடிக்கடி அடித்தால் துண்டங்கள் சிறிதாகவும் ஏராளமாகவும் வருகின்றன. சுன்னாகத்தான் கேட்ட கை எங்கே என்றால், இழைக்கும் ஓலையே தன் நேரத்தைத் தானே எண்ணுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். உவமை அவ்விடத்தில் கிழிந்துபோகிறது, கிழியட்டும்.

கொய்யாமரத்தடி

நான்தான் அடைக்கோழி ரீச்சரிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி. எங்கள் வகுப்பு அடைகாப்பியில் முட்டை வைத்த இரண்டாம் நாள் மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. நுணாமரம் ஐயா சொன்ன கணக்கின்படி அந்த நேரத்துக்குள் இரண்டு சோடி துண்டங்கள் தோன்றியிருக்க வேண்டும். அப்படியானால் அந்தக் குஞ்சுகளுக்கு இரண்டு விலா என்பு குறையுமா?

நுணாமரம்

குறையாது பிள்ளை. இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுவே நல்ல கேள்வி. வரிக்குதிரை மீனில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மீன் முளையத்தில் 28.5 பாகையில் அரை மணிக்கு ஒரு சோடி தோன்றும். நீரைக் குளிராக்கினால் தோன்றும் வேகம் குறைந்துபோகும், ஆனால் துண்டத்தின் அளவும் எண்ணிக்கையும் மாறுவதில்லை. கடிகாரம் மெதுவாகும்போது அலைமுகமும் அதே விகிதத்தில் மெதுவாகிறது. ஆகவே மின்வெட்டால் உங்களுடைய குஞ்சு பிந்திப் பொரிக்கலாம், அளவுக்கு மேல் குளிர்ந்தால் செத்தும் போகலாம், ஆனால் விலா குறைந்து பிறக்க வேண்டியதில்லை.

ரீச்சருடைய மூன்று கூழ் முட்டைகளுக்கும் இதில் ஒரு துப்பு இருக்கக்கூடும். முளையம் நிற்பதற்கு முட்டை 20 பாகை அளவுக்கேனும் ஆற வேண்டும். எங்களுடைய சித்திரை, வைகாசி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகைக்கு மேல் நிற்கும். அந்தச் சூடு வளர்ச்சியை நிறுத்தவும் போதாது, ஒழுங்காக நடத்தவும் போதாது. கலங்கள் அரைகுறையாகப் புறப்பட்டுச் செத்துவிடும். என் பேத்தியார் சேர்த்த முட்டைகளைத் தண்ணீர்ப் பானையடி மணலில் புதைத்து வைப்பார், காரணம் கேட்டால் "சூடு பிடிக்கும்" என்பார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

கடலோரம்

நான் வெளிநாட்டில் முளையவியல் ஆய்வுகூடமொன்றில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஓட்டில் யன்னல் வெட்டிய முட்டையை அங்குதான் முதன்முதலில் பார்த்தேன். வெள்ளைக்கருவில் இரண்டு மூன்று மில்லிலீற்றரை ஊசியால் இழுத்தெடுத்தால் முளையம் ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். பிறகு மேலே சிறு கத்தரிக்கோலால் ஒரு சதுரம் வெட்டி, வேலை முடிந்ததும் ஒட்டுநாடாவால் மூடி, திரும்பவும் அடைகாப்பியில் வைத்துவிடலாம். மூன்றாம் நாள் முட்டையில் நான் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. மஞ்சளின் மேலே சிலந்தி வலைபோலச் சிவப்பு நாளங்கள், நடுவே என் சின்னவிரல் நகத்தைவிடச் சிறிய, கண்ணாடிபோன்ற, வளைந்த ஓர் உருவம், அதன் மார்புக்கு வெளியே தொங்குவதுபோல ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. கோழி முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்த்த அரிஸ்டோட்டிலும் இந்தத் துடிக்கும் புள்ளியைத்தான் எழுதி வைத்திருக்கிறார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

மாணவி கேட்ட செட்டைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் முடிவில் பக்கவாட்டில் ஒரு சிறு மேடு எழுகிறது. அதன் பின்விளிம்பில், வாற்பக்கமாக இருக்கும் ஒரு சிறு கூட்டம் கலங்களை வெட்டியெடுத்து, இன்னொரு முளையத்தின் செட்டை மேட்டில் முன்விளிம்பில் ஒட்டினால் என்ன நடக்கும் என்று 1968இல் ஜோன் சாண்டர்சும் அவருடன் பணியாற்றிய காசலிங்கும் வெளியிட்டார்கள். கோழியின் செட்டையில் மூன்று விரல்கள் உண்டு. ஒட்டிய செட்டையில் ஆறு விரல்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கடைசி, நடு, முதல், மீண்டும் முதல், நடு, கடைசி என்று வந்தன. அந்தக் கூட்டத்திலிருந்து ஏதோ ஒன்று பரவுகிறது, அது செறிவாக உள்ள இடத்தில் கடைசி விரலும் ஐதாக உள்ள இடத்தில் முதல் விரலும் உண்டாகின்றன என்று கொண்டால் கணக்குச் சரியாகிறது. அந்த ஏதோ ஒன்று சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதம் என்பது 1993இல் தெரியவந்தது. ஆம், பிள்ளைகள் கணினியில் விளையாடும் அந்த நீலநிற முள்ளெலியின் பெயரே. இதே புரதம் மனிதரின் கையிலும் இதே வேலையைச் செய்கிறது. ஆகவே "எது செட்டை என்று எங்கே எழுதியிருக்கிறது" என்ற கேள்விக்கு, எழுதப்படவில்லை, நான்கு திசையிலிருந்தும் கேட்கும் குரல்களைக் கொண்டு ஒவ்வொரு கலமும் தான் நிற்கும் இடத்தை ஊகிக்கிறது என்பதே நான் அறிந்த விடை. அந்தக் குரல்களை எழுப்பவும் கேட்கவும் தேவையான புரதங்கள்தாம் டி.என்.ஏ.யில் எழுதப்பட்டிருக்கின்றன.

மருத்துவமாது

இந்த இழையை ஆர்வத்தோடு வாசித்து வந்தேன். கோழியையும் மீனையும் பற்றிப் பேசுகிற இடத்தில் நான் என் வேலையைப் பற்றி எழுதுவதற்கு மன்னியுங்கள். கர்ப்பிணித் தாய்மாரை வீடு வீடாகச் சென்று பார்ப்பவள் நான். உதடு பிளந்த குழந்தை ஒன்று பிறந்த வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். குழந்தையை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரகணத்தன்று அவள் கத்தரிக்காய் வெட்டினாளாம். மாமியார் நாளையும் நேரத்தையும் சொன்னார். நான் கணக்குப் பார்த்தேன். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. நெற்றிப் பக்கத்திலிருந்தும் இரு கன்னப் பக்கங்களிலிருந்தும் தனித்தனி மேடுகள் வளர்ந்து வந்து நடுவில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மேலுதடு பொருந்துவது கர்ப்பத்தின் நான்காம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில், அண்ணம் பொருந்துவது ஒன்பதாம் கிழமைக்குள். ஆறாம் மாதத்தில் வானத்தில் என்ன நடந்தாலும், பொருந்தி முடிந்த உதடு பிளக்காது, பொருந்தாமல் விட்ட உதடு முன்னரே பொருந்தாமல் விட்டதுதான். இதைப் பொறுமையாக, தாளில் கீறிக் காட்டினேன். மாமியார் ஏற்றுக்கொண்டாரோ தெரியாது, ஆனால் அந்தப் பெண் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

நரம்புக் குழாயும் அப்படியே. முதுகில் தட்டையாகக் கிடக்கும் ஒரு கலப்படை இரு ஓரமும் எழுந்து, மடிந்து, குழாயாகத் தைபட்டதுபோல மூடிக்கொள்வது, கருக்கட்டி 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும், பலருக்குக் கர்ப்பம் என்பதே அப்போது உறுதியாகியிராது. போலிக் அமிலக் குளிசையைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே நாளுக்கு 400 மைக்கிரோகிராம் எடுக்கத் தொடங்குமாறு நாங்கள் புதுமணப் பெண்களிடம் சொல்வது இதனால்தான். 1991இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், முன்னர் இவ்வகைக் குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு அதைவிடக் கூடிய அளவில் போலிக் அமிலம் கொடுத்தபோது, அக்குறை மீண்டும் வருவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. "இன்னும் பிள்ளையே இல்லை, எதற்குக் குளிசை?" என்று கேட்டுத் திருப்பித் தருபவர்களும் உண்டு.

பெட்டியிழை

அக்கா, தாயைக் குற்றம் சாட்டுவது பற்றி நீங்கள் எழுதியது மனதைத் தைத்தது. ஒரு சிறு ஐயம். கருவின் முதல் மூன்று மாதங்களும் ஒரே அளவு ஆபத்தானவை என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மருத்துவமாது

ஒரே அளவு அல்ல தம்பி. ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி நாட்கள் உண்டு. 1961 இறுதியில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட தலிடோமைட் என்ற மருந்து, உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பாதித்தது. கருக்கட்டி 20ஆம் நாள் முதல் 36ஆம் நாள் வரையான அந்தச் சிறு இடைவெளியில் உட்கொண்டபோதே அது கைகால்களையும் காதுகளையும் கெடுத்தது. நாலைந்து நாட்கள் முன்பின்னாக எடுத்தவர்களின் குழந்தைகளில் கெட்ட உறுப்பும் மாறியிருந்தது. மாணிக்கவாசகர் தாய் வயிற்றின் இடர்களை மாதம் மாதமாக எண்ணி, ஒவ்வொன்றிலும் பிழைத்து வந்ததாகப் பாடினார். அறிவியல் அதை நாட்கணக்கில் எண்ணுகிறது.

சுன்னாகத்தான்

வரைபடத்தை நான் மடித்து வைத்துவிட்டேன், நுணாமரம் ஐயா மகிழலாம். ஆனால் ஒரு முறைப்பாடு. நீங்கள் எல்லோரும் முளையம் என்கிறீர்கள், சிலர் கரு என்கிறார்கள். ஒரே பொருள்தானா?

நுணாமரம்

எங்கள் பாடநூல்களில் கலத்தின் நடுவிலுள்ள உட்பகுதிக்கும் கரு என்றே பெயர். "கருவின் கலத்தின் கரு" என்று எழுத நேர்ந்தால் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள், ஆகவே முளையம் என்கிறோம். வித்து முளைப்பதையும் முட்டைக்குள் குஞ்சு உருவாவதையும் ஒரே சொல்லால் பிடித்த கலைச்சொல் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கம் செய்வித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் காலத்திலிருந்தே இந்த ஊரில் சொற்களுக்காகச் சண்டை நடக்கிறது. நாமும் தொடரலாம், ஆனால் வேறோர் இழையில்.

கொய்யாமரத்தடி

இன்னும் ஒன்றே ஒன்று. கோழியின் காலில் விரல்கள் பிரிந்திருக்கின்றன, வாத்தின் காலில் தோல் இணைந்திருக்கிறது. வாத்துக்கு அந்தத் தோல் பின்னர் வளர்கிறதா?

கடலோரம்

கோழிக்கு அது பின்னர் இல்லாமற் போகிறது என்பதே சரி. இரண்டின் காலும் முதலில் துடுப்புப்போலத்தான் இருக்கும். கோழியில் விரல்களுக்கு நடுவிலுள்ள கலங்கள் ஒரு சைகையைக் கேட்டுத் தாமே மடிந்துவிடுகின்றன. உங்கள் கைவிரல்களும் அப்படிப் பிரிந்தவையே. வாத்திலும் அதே சைகை எழுகிறது, ஆனால் கிரெம்ளின் என்ற புரதம் இடையே நின்று அதைக் கேட்கவிடாமல் தடுக்கிறது. அந்தப் புரதத்தில் தோய்த்த ஒரு சிறு மணியைக் கோழி முளையத்தின் கால்விரல்களுக்கு நடுவே வைத்து, 1999இல் கோழிக்கு வாத்துக்கால் வரவைத்திருக்கிறார்கள்.

அடைக்கோழி

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பதிவுகளை அச்செடுத்து வகுப்பில் ஒட்டியாயிற்று. கூழாகிய மூன்றையும் நேற்று உடைத்தோம், மணம் தாங்கமுடியாமல் பாதி வகுப்பு வெளியே போய்விட்டது. ஒன்றில் எதுவும் இல்லை. மற்ற இரண்டிலும் மஞ்சளின் மேல் உலர்ந்த சிவப்பு வளையம் ஒன்று இருந்தது, இதயம் துடிக்கத் தொடங்கிச் சில நாட்களில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். கடகத்தில் அவை எந்த இடத்தில் இருந்தன என்று அம்மாவிடம் கேட்டேன். ஓரத்தில், இரும்பாணிப் பக்கத்தில் என்றார்.

கடலோரம் எழுதியதைப் பார்த்துவிட்டு, அச்சுவேலியிலிருந்து ஆறு வாத்து முட்டைகள் வாங்கி வந்திருக்கிறோம். வாத்துக்கு 28 நாள் என்பதால் அடைகிடக்கும் பேட்டின் கீழ் அவற்றை முதலில் வைத்து, ஒரு கிழமை கழித்துக் கோழி முட்டைகளைச் சேர்க்கப்போகிறோம், இரண்டும் ஒன்றாகப் பொரிக்கட்டும். அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. பேடு பேய்க்காட்டப்படுகிறது என்கிறார்.